நறுவிலி இலையின் அடிப்பக்கம்

"ஃபேன ஆஃப் பண்ணு தர்ஷி, பறந்துரும்" என்றாள் அம்மா.

பறக்க அதற்கு உயிர் இல்லை. எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சி. பொட்டாஷ் போட்ட காரத் தண்ணீரில் ஊறி, சதையெல்லாம் கரைந்து, வெறும் கூடாகக் கண்ணாடித் துண்டின் மேல் கிடந்தது. அம்மா ஓர் ஊசியால் அதன் உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னோர் ஊசியால் இறக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாசி வெயிலில் அந்த மாடி அறை அடுப்புக்குள் இருப்பதுபோல இருந்தது. ஃபேனை நிறுத்தியதும் அம்மாவின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்றது. நான் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் துடைப்பதற்கு வசதியாக முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூதலூரில் ரயில் ஏறித் தஞ்சாவூர் வருகிறேன்.

"இப்ப வந்து பாரு."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு இறக்கை தெரிந்தது. கண்ணாடித்தாளைக் கத்தரித்து வைத்தாற்போல விரிந்திருந்தது. அடியிலிருந்து ஒரு நரம்பு கிளம்பி, கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பிரிந்தது.

"எத்தனையா பிரியுது?"

"மூணு."

"அவசரப்படாத. மொதல்ல ரெண்டாப் பிரிஞ்சு, அப்பறம் போயி மூணாவுதா? இல்ல ஒரே புள்ளியில மூணா?"

"ஒரே புள்ளிதாம்மா. நம்ம ரயில்வே கேட்டுக்கிட்ட ரோடு பிரியிற மாரி."

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பூதலூர் வீட்டில் அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் அவளைத் திட்டினதில்லை, அடித்ததில்லை. ஆனால் இந்தச் சிரிப்பு அங்கே இல்லை. அது இந்த மாடி அறைக்கு வந்த பிறகு முளைத்தது. எனக்கு அதைக் கேட்கவும் ஆசையாக இருக்கும், அது பூதலூருக்கு வராதே என்று பயமாகவும் இருக்கும்.

செடிப்பேன் என்று அந்தப் பூச்சிகளுக்குப் பொதுவாகப் பேர். இலையின் சாற்றை உறிஞ்சி உயிர்வாழும். கிட்டே போனால் பறந்து தப்பிக்காது, கால்களை உந்தித் தாவும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மரம்தான், ரொம்பப் போனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று மரங்கள். அம்மாவின் பூச்சி தஞ்சாவூரில் புது ஆற்றின் கரையில் நிற்கும் நாவல் மரங்களில் கிடைத்தது. கிளைக்கு அடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு கம்பால் தட்டினால் உதிரும். உதிர்ந்ததும் தாவுவதற்குள் ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சிச் சீசாவுக்குள் இழுத்துவிட வேண்டும். நாவலுக்கென்று ஒரு செடிப்பேன் ஏற்கெனவே உண்டு, பேரும் உண்டு. இது அது இல்லை. இறக்கை நரம்பை வைத்துப் பார்த்தால் அதே பேரினத்தில், அதாவது அதே வகையறாவில், சேர்த்துவிடலாம். ஆனால் முகத்துக்கு முன்னால் இரண்டு கூம்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இதற்கு அது வெறும் மேடாகத்தான் இருந்தது. ஆண் பூச்சியின் வால்முனையும் வேறு மாதிரி வளைந்திருந்தது. ஆகவே புதுப் பேரினமாக இருக்குமோ என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் அவள் இந்த அறையில் இரண்டு வருஷமாக இருக்கிறாள்.

அம்மாவின் ஆராய்ச்சிக்குக் கைடு ராஜாங்கம் சார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இருந்தபோதே ஒரு தடவை சொன்னார். "பெரிய பூச்சி எங்க வேணா ஒக்காருங்க கனகா. காத்தடிச்சா பக்கத்து மரத்துல போயி ஒக்காரும். ராத்திரி எங்க வீட்டு டியூப்லைட்டுல வந்து ஒக்காருது. அதுக்காக டியூப்லைட்டுதான் அதோட மரம்னு எழுதிருவீங்களா? குஞ்சு எங்க வளருதோ அதான் அதோட மரம். குஞ்சக் கொண்டாங்க. அதோட ஒடம்பப் பாத்தா எந்தப் பேரினம்னு தன்னால தெரிஞ்சிரும். அதுவரைக்கும் பேரு வைக்கிற பேச்சே வேணாம்."

அம்மா குஞ்சைத் தேடினாள். நாவல் இலை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பக்கத்தில் நின்ற மருது, புங்கன், பூவரசு எல்லாவற்றையும் திருப்பினாள். பெரிய பூச்சிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. குஞ்சு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நான் மனதுக்குள் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். அம்மாவும் முதலில் அப்படித்தான் போய்வந்தாள். ஒரு மழை நாளில் ரயிலைத் தவறவிட்டுக் கூடப் படிக்கிற ஆமினா அக்கா வீட்டில் தங்கினாள். அடுத்த வாரம் வேலை முடியவில்லை என்று தங்கினாள். பிறகு காரத் தண்ணீரில் போட்ட பூச்சியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். பிறகு இந்த அறை. காலேஜில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மைக்ராஸ்கோப்பையும் கேட்டு வாங்கி இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பை ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவர முடியுமென்றால் பூதலூருக்கும் கொண்டுவந்திருக்கலாம். இதை நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும்.

அப்பாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பூதலூர் கடைத்தெருவில் எங்களுக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. உளுந்துக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "என்ன வெற்றி, ஊட்ல ஆளில்லையா? ஓட்டல் சாப்பாட்டுப் பொட்டலம் தொங்குது?" என்பார்கள். அப்பா மருந்து டப்பாவைத் துணியால் துடைத்துக்கொண்டே சொல்வார்: "ஆராய்ச்சி முடிஞ்சதும் கனகா வந்துரும்." சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் கடைப் பலகைபோல ஆகிவிட்டது. யாரும் நின்று படிக்கவில்லை, ஆனால் அது இருக்கிற தைரியத்தில் கடை நடந்தது.

ஒரு தடவை அய்யாவு பெரியப்பா, "அப்புடி என்னடா பூச்சி அது? ஒங்கடையில இல்லாத மருந்தா? ரெண்டு மூடி ஊத்திவுட்டா ஆராய்ச்சி முடிஞ்சிருமுல்ல?" என்றார். கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

பக்கத்து வீட்டில் இருக்கும் நீலாயதாட்சி அத்தை அப்பாவுக்கு அக்கா. அத்தையிடம் மட்டும் அந்த வாக்கியம் செல்லுபடியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் தலையைப் பிடித்து மடியில் வைத்துச் சீப்பை இழுத்துக்கொண்டே, "பெத்த பொண்ணு தலையில பேன் பாக்க ஆளக் காணும். ஒங்கம்மா மரத்துக்குப் பேன் பாக்கப் போயிருக்கா" என்பாள். சொல்லிவிட்டு, வலிக்கிற மாதிரி இழுத்த இடத்தில் கையால் தேய்த்தும் விடுவாள்.

அந்தப் பூச்சிக்குப் பேர் இல்லாதவரை அம்மா ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறாள். பேர் வைத்த மறுநாள் அவள் எங்கே போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இரவில் தூக்கம் பிடிக்காமல் போனது இதை யோசித்துத்தான். ப்ளஸ் ஒன் படிக்கிறவளுக்கு இது தெரியாதா என்று நினைக்கலாம். தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்றுதான் பயம்.

அன்று இறக்கையைக் கண்ணாடியில் ஒட்டிமுடித்த பிறகு அம்மா டீ போட்டாள். அறையில் ஒரே டம்ளர்தான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் பிளாஸ்க் மூடியில் குடித்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. கடையில் போய் இன்னொரு டம்ளர் வாங்க அம்மாவுக்கு எவ்வளவு நேரமாகும்? வாங்கவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது, வாங்கிவிட்டால் நான் இங்கே விருந்தாளி என்று நிரந்தரமாகிவிடுமே என்றும் இருந்தது.

"அப்பா சாப்புடுறாரா?"

"ம்."

"பிரஷர் மாத்திரை?"

"போடுறாரு."

"நீ எளச்சுட்ட."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் ஏற்றிவிட அம்மா ஸ்டேஷன் வரை வந்தாள். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியில் இருந்த என் விரல்களைத் தொட்டாள். கூடவே நாலு எட்டு நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

மறுவாரம் அது நடந்தது.

எங்கள் கொல்லையில், வாய்க்கால் ஓரமாக, ஒரு நறுவிலி மரம் நிற்கிறது. ஊரில் மூக்குச்சளிப் பழ மரம் என்பார்கள். பழத்தைப் பிதுக்கினால் பசைபோல வரும். சின்னப் பிள்ளையில் அதை வைத்துப் பட்டம் ஒட்டியிருக்கிறேன். அந்த மரத்தடியில்தான் சைக்கிளை நிறுத்துவேன். ஸ்கூலுக்குக் கிளம்பி சீட்டில் கை வைத்தேன், பிசுபிசு என்று ஒட்டியது. பழக்காலம் இல்லை. கையை முகர்ந்தேன். வாசனை இல்லை. நுனிநாக்கில் வைத்தேன், இனித்தது.

அண்ணாந்து பார்த்தேன். புதுத் தளிர் விட்டிருந்தது. மேலே இருந்த இலைகளில் அம்மை போட்டதுபோலச் சின்னச்சின்ன மேடுகள். ஒரு கிளையை வளைத்து இலையைத் திருப்பினேன்.

அடிப்பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்று படுத்திருந்தது. தட்டையாக, இலையோடு இலையாக. சுற்றிலும் வெள்ளையாக நூல் நூலாக மெழுகு. நான் விரலால் தொட்டதும் ஒன்று தன் இடத்தைவிட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. அம்மாவின் அறையில் வேறு வகைக் குஞ்சுகளின் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து இலையில் தண்டோரம் ஒரு பெரிய பூச்சி உட்கார்ந்திருந்தது. கையைக் கொண்டுபோனேன். தாவியது.

இலையை மெதுவாக விட்டேன். கிளை மேலே போனது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன். அன்று பாடம் எதுவும் காதில் விழவில்லை.

ஒருவரிடமும் சொல்லவில்லை. ராத்திரி அம்மா போன் பண்ணினாள். எப்போதும்போல என்ன சாப்பிட்டாய், என்ன படித்தாய். "வேற?" என்றாள். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பரீட்சை வருகிறது என்று சொல்லி, சனிக்கிழமை தஞ்சாவூர் போவதையும் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் பக்கக் கொல்லையில் வேலியை ஒட்டிக் கட்டிலைப் போட்டு வடகம் பிழிந்து காயவைத்திருந்தாள். மத்தியானம் கத்தினாள். "வெற்றி! இங்க வந்து பாருடா, இந்தச் சனியன் புடிச்ச மரம் வடகம் பூரா எச்சி துப்பி வச்சிருக்கு. வருசா வருசம் மருந்து அடிப்பியே, என்ன ஆச்சு ஒனக்கு?"

"அடிச்சுடுறேன்க்கா" என்றார் அப்பா.

கடைக்குப் போய் மருந்தும் ஸ்பிரேயரும் எடுத்து வந்தார். வாளியில் தண்ணீர் பிடித்தார். மூடியில் மருந்தை அளந்து ஊற்றிக் குச்சியால் கலக்கினார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்பிரேயரை முதுகில் மாட்டினார். நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். கால் மணி நேரத்தில் மரம் நனைந்துவிடும். சாயங்காலத்துக்குள் எல்லாம் உதிர்ந்துவிடும். அம்மா இன்னும் ஒரு வருஷம் ஆற்றங்கரையில் இலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். அப்பாவின் வாக்கியம் இன்னும் ஒரு வருஷம் ஓடும். அந்த ஒரு வருஷம் எனக்குத் தேன்போல இனித்தது.

அப்பா கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தார். குழாயைத் தூக்கினார்.

"அப்பா, வேணாம்."

"தள்ளி நில்லு, காத்து இப்புடித்தான் அடிக்கிது."

"வேணாம்ப்பா. அது அம்மா பூச்சி."

அவர் திரும்பினார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. குழாய் முனையிலிருந்து மருந்து அவர் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாத் தெரியுமா?"

"ம். குஞ்சு இருக்கு."

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு இருந்த பயம் எனக்கு மட்டுமே உரியதில்லை என்று. முதுகிலிருந்து ஸ்பிரேயரைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"என்னடா, அடிக்கலையா?" என்று அத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"மருந்து தீந்துபோச்சுக்கா. நீ கட்டில முன்னுக்க எடுத்துப் போடு."

"மருந்துக் கடக்காரனுக்கு மருந்து தீந்துபோச்சாம். கேட்டுக்க கொடுமைய."

அன்று சாயங்காலம் அப்பா பழைய கொசுவலை ஒன்றைக் கத்தரித்தார். நான் ஊசி நூலால் பைபோலத் தைத்தேன். குஞ்சு இருந்த கிளை ஒன்றின் மேல் அதை மாட்டி இரண்டு முனையையும் கட்டினோம். இப்படித்தான் செய்வார்கள். உள்ளே இருக்கிற குஞ்சு வளர்ந்து இறக்கை முளைத்து வெளியே வந்தால் எந்தக் குஞ்சு எந்தப் பூச்சியாகிறது என்பதில் சந்தேகம் இருக்காது. நான் சொல்லச் சொல்ல அப்பா செய்தார். முடிச்சுப் போடும்போது, "இறுக்காத, இலைக்கு வலிக்கும்" என்றார். பூச்சிமருந்து விற்கிறவர் பேசுகிற பேச்சா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் போன் பண்ணலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடையை அடைத்துவிட்டு வந்ததும் அப்பா நேரே கொல்லைக்குத்தான் போனார். டார்ச் அடித்து வலைக்குள் பார்த்தார். வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா போன் பண்ணும்போது ஒருநாள் அவரே எடுத்தார். "இங்க ஒண்ணும் விசேஷம் இல்ல கனகா" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து எதையோ திருடி வைத்திருப்பவர்கள்போல வீட்டுக்குள் நடமாடினோம். வேடிக்கை என்னவென்றால் அந்த நாட்களில்தான் அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொண்டோம். அம்மாவைக் கல்யாணம் பண்ணிவந்த புதிதில் அவள் கடையில் வந்து உட்கார்ந்து, நெல்லில் விழுகிற புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் மருந்து கேட்டு வருகிறவர்களுக்குப் படம் வரைந்து காட்டியதைச் சொன்னார். "அவ படம் வரஞ்சு காட்டுவா. நான் மருந்தக் கட்டிக் குடுப்பேன். ரெண்டுக்கும் ஒரே கல்லாதான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கு வரையிறதுதான் புடிச்சிது. நான் அதப் பாக்கல" என்றார்.

பிறகு ஒருநாள் அம்மா வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே போன் பண்ணினாள். அப்பா இன்னும் வரவில்லை. அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"தர்ஷி, சார்ட்ட சொல்லிட்டேன். இத விட்டுடலாம்னு."

"எத?"

"நம்மாளத்தான். குஞ்சு கெடைக்கல. இன்னும் எத்தன நாளைக்கு எலையத் திருப்புறது? அவரு வேற தலைப்பு தர்றேங்கிறாரு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒருமுறை நின்றது. "நான் தப்பா ஆசப்பட்டுட்டேன் போலடி. நாப்பது வயசுல."

நான் வேண்டியது இதுதான். கிடைக்கக்கூடாது என்று வேண்டினேன், கிடைக்கவில்லை. ஆனால் அவள் இந்தக் குரலில் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பூதலூர் வீட்டில், கடைக் கணக்கு முடித்து, பாத்திரம் துலக்கி, விளக்கை அணைக்கும்போது, "சரி, படு" என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"அம்மா, நம்ம கொல்லைல இருக்கு."

"என்னது?"

"நறுவிலி மரத்துல. குஞ்சு. வல கட்டி வச்சிருக்கோம்."

"காலைல மொத வண்டிக்கு வர்றேன். ஒண்ணையும் தொடாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் ரயிலில் அம்மா வந்தாள். வாசல் வழியாக வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து நேரே கொல்லைக்கு வந்துவிட்டாள். ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்டதால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது, அதில் இறங்கி ஏறியிருக்கிறாள். புடவை முழுக்கப் புழுதி. தோளில் பை. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு மரத்தைப் பார்த்தாள். அப்பா உள்ளே ஓடிப்போய் முக்காலியை எடுத்து வந்தார். அவள் ஏறினாள். முக்காலி ஆடியது. அப்பா குனிந்து இரண்டு கையாலும் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டார். அவர் தலைக்கு நேரே அம்மாவின் கால் இருந்தது. இரண்டு பேரையும் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

அம்மா லென்ஸைக் கண்ணில் வைத்து இலையைத் திருப்பினாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. உதடு அசைந்துகொண்டே இருந்தது. வலைக்குள் பார்த்தபோது அசைவும் நின்றுவிட்டது. முந்தின இரவில் ஒரு குஞ்சு தோலை உரித்திருந்தது. முதுகு பிளந்த தோல் இலையிலேயே ஒட்டியிருந்தது. பக்கத்தில் பூச்சி, இன்னும் நிறம் ஏறாமல், வெளிர்ப்பச்சையாக.

"ஒம் பூச்சியோட மரந்தானா?" என்று அப்பா கீழேயிருந்து கேட்டார்.

"இதான். இதேதான். இந்த மாரி நறுவிலி எங்கேயோ நின்னு, அங்கேருந்துதான் காத்துல நாவலுக்குப் போயிருக்கு." பிறகு தன்னையே கேட்பதுபோல, "இத்தன வருசம் இங்கதான இருந்தேன். எப்புடிப் பாக்காமப் போனேன்?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தை விடவில்லை. "எப்புடிப் பாப்ப? துணி காயப்போட்டா ஒட்டுது ஒட்டுதுன்னு வருசா வருசம் அடிக்கச் சொன்னது யாரு? நீதான? நீ போனதுலேருந்து அங்க யாரு துணி காயப்போட்டா? அதான் இவன் மருந்தும் அடிக்கல. அது பாட்டுக்குக் குட்டி போட்டுக் கெடக்கு."

அம்மா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அத்தையையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மாடி அறையில் சிரிப்பாளே, அதே சிரிப்பு, தோள் குலுங்க. முக்காலி ஆட, அப்பா இன்னும் இறுக்கிப் பிடித்தார். "பாத்து, பாத்து" என்றார். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"புதுப் பேரினமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லடி. ஓரம் பூரா மெழுகு முடி. ஒடம்பும் அப்புடியே. பழைய பேரினந்தான், மொதல்ல நரம்பு சொன்னது சரி. வகைதான் புதுசு. மரமும் புதுசு." அவளுக்கு அதில் ஏமாற்றம் இல்லை. இரண்டு வருஷமாகத் தேடிய பேர் தப்பாகப் போனதில் ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதி வருமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப முடிஞ்சுதா?" என்றார் அப்பா. முக்காலியை இன்னும் விடவில்லை. அதன் மேல் யாரும் இல்லை.

"முடிஞ்ச மாரிதாங்க. எழுதணும். அவ்வளவுதான்."

ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது முழுக்கப் போய்முடியும்வரை எல்லாரும் அதற்காகவே காத்திருப்பதுபோல நின்றோம். அப்பா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் கிடையாது.

"அப்ப வந்துருவியாம்மா?"

கேட்டுவிட்டேன்.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். என் தலையில் விழுந்திருந்த பிசுபிசுப்பை விரலால் எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். "ஆராய்ச்சிக்காகப் போறேன்னு நான் யார்ட்டயும் சொல்லலயே தர்ஷி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, நான் ஏதோ கனமான சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோலவும், அதை அவள் கை கொடுத்து இறக்கிவைப்பதுபோலவும் சொன்னாள்.

அப்பா முக்காலியை விட்டார். "அது நான் சொன்னது" என்றார்.

"ஆமா" என்றாள் அம்மா.

லென்ஸைப் பைக்குள் போட்டாள். "தாகமா இருக்கு. தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்."

நான் எடுத்துவருகிறேன் என்று சொல்வதற்குள் அவள் கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அப்பா நிலைப்படியோடு நின்றுவிட்டார். அம்மா அடுப்படியில் விளக்குப் போடவில்லை, அவளுக்கு அங்கே வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை. நேரே போய், திரும்பிப் பார்க்காமல், பானைக்கு மேலே இருந்த பலகையில் டம்ளருக்காகக் கையை நீட்டினாள். அந்தப் பலகையில் எலி வந்ததென்று நானும் அப்பாவும் டம்ளர்களை எல்லாம் இந்தப் பக்கத்து அலமாரிக்கு எப்போதோ மாற்றிவிட்டோம். சொல்ல வாயெடுத்தேன். நிலைப்படியிலிருந்து அப்பா என் தோளைத் தொட்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

வெறும் பலகையின் மேல் அம்மாவின் விரல்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லப் போய்வந்துகொண்டிருந்தன.